வினா அட்டை ஒட்டிய பரமபதம் ஏன் சலித்துப்போகிறது? கணக்கு வகுப்புக்கான பலகை விளையாட்டுகள்

ஐந்தாம்_வகுப்பு எழுதியது:

5ஆம் வகுப்பு, 38 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் பின்னத்துக்கும் பலகை விளையாட்டு தேவைப்படுகிறது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒரே அச்சுதான். பரமபதப் பலகை ஒன்று, பக்கத்தில் ஒரு கட்டு வினா அட்டை. அட்டையை எடுத்து விடை சொன்னால் பகடை உருட்டலாம், தப்பாகச் சொன்னால் முறை போய்விடும். முதல் நாள் கூச்சலும் கும்மாளமுமாக ஓடுகிறது. மூன்றாம் நாள் பாதிப்பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். இதில் பிசகு எங்கே இருக்கிறது, எதை மாற்ற வேண்டும்?

---

பலகைப்பட்டறை எழுதியது:

பிசகு விதியிலேயே இருக்கிறது டீச்சர். அந்த ஆட்டத்தில் கணக்கு வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. அவனைத் தாண்டிப் போனால்தான் விளையாட்டு. 7×8 என்ன என்பதற்கும் காய் பாம்பில் இறங்குவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளைகள் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு கணக்கைத் தொல்லையாகவும் பகடையை விளையாட்டாகவும் பிரித்துவிடுகிறார்கள்.

இதைவிட மோசம், தப்புச் சொன்னவரின் முறை போவது. எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அதே பிள்ளைக்குத்தான் அது குறைகிறது. நன்றாகத் தெரிந்த பிள்ளை 15 கணக்குப் போடும் நேரத்தில் தடுமாறும் பிள்ளை நாலு போட்டிருக்கும்.

கணக்கு நகர்வுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதாவது கணக்குப் போடாமல் நல்ல நகர்வைத் தேடவே முடியாத மாதிரி விதி அமைய வேண்டும். வாய்ப்பாட்டுக்கு இதற்கு மிகப் பொருத்தமான பலகை ஒன்று உண்டு. பகடையே வேண்டாம்.

1 முதல் 9 வரை உள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும் வெவ்வேறு விடைகள் சரியாக 36. அதனால் 6×6 கட்டத்தில் கச்சிதமாக அடங்கிவிடும். மேலிருந்து வரிசை வரிசையாக எழுதுங்கள்:

1, 2, 3, 4, 5, 6
7, 8, 9, 10, 12, 14
15, 16, 18, 20, 21, 24
25, 27, 28, 30, 32, 35
36, 40, 42, 45, 48, 49
54, 56, 63, 64, 72, 81

கட்டத்துக்குக் கீழே தனியாக 1 முதல் 9 வரை ஒரு வரிசை. அந்த வரிசையில் நகர்த்த இரண்டு காசுகள். முதல் ஆள் ஒரு காசை மட்டும் ஏதாவது ஓர் எண்ணில் வைப்பார், கட்டம் எடுக்க மாட்டார். எதிராளி இரண்டாவது காசை வைத்து, இரண்டு எண்ணையும் பெருக்கி, அந்த விடையுள்ள கட்டத்தைத் தன் குறியிட்டுப் பிடிப்பார். அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் முறையில் ஒரே ஒரு காசை மட்டும் நகர்த்தி, புதிய பெருக்கல் பலனைப் பிடிக்க வேண்டும். இரண்டு காசும் ஒரே எண்ணில் நிற்கலாம், வர்க்க எண்களுக்கு அது தேவை. வந்த விடை ஏற்கெனவே பிடிபட்ட கட்டமாக இருந்தால் முறை வீண். நேராகவோ, குறுக்காகவோ, மூலைவாட்டிலோ அடுத்தடுத்து 4 கட்டம் யாருக்கு முதலில் அமைகிறதோ அவருக்கு வெற்றி.

ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். எதிராளி 8, 18, 30 பிடித்துவிட்டார். மூன்றும் ஒரே மூலைவாட்டில் இருப்பவை. அந்தக் கோட்டின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 48. 1 வேண்டுமென்றால் இரண்டு காசும் 1இல் நிற்க வேண்டும். 48க்கு இந்தப் பலகையில் 6×8 ஒன்றுதான் வழி. ஆகவே உங்கள் முறையில் 48ஐ நீங்கள் பிடிக்க முடியாவிட்டால், நகர்த்தி முடித்த பிறகு எந்தக் காசும் 6இலோ 8இலோ 1இலோ நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் முறை வரும்போது ஒரு காசு 6இலும் இன்னொன்று 1இலும் நின்றால், 1இல் உள்ளதை 8க்கு நகர்த்தி நீங்களே 48ஐப் பிடித்துவிடலாம். இந்த யோசனை முழுக்க வாய்ப்பாட்டைப் பின்னிருந்து புரட்டுவது. "ஆறெட்டு நாற்பத்தெட்டு" என்று ஒப்பிப்பதற்கும் "48 எதனால் எல்லாம் வரும்?" என்று தேடுவதற்கும் வேறுபாடு நிறைய. வகுத்தலும் காரணிகளும் இந்தத் தேடலில்தான் பிடிபடுகின்றன.

---

கரும்பலகை எழுதியது:

விளக்கம் நன்றாக இருக்கிறது சார். ஆனால் வாய்ப்பாடே தெரியாத பிள்ளை இதில் என்ன செய்யும்? சும்மா காசை நகர்த்திவிட்டு, விடையைப் பக்கத்துப் பிள்ளையிடம்தானே கேட்கும்?

---

பலகைப்பட்டறை எழுதியது:

கேட்கும், சந்தேகமில்லை. அதனால் இரண்டு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒன்று, தனித்தனியாக ஆட விடாமல் இருவருக்கு இருவராக ஆட விடுவது. காசை நகர்த்தும் முன் கூட்டாளிகள் இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும், நகர்த்துபவர் முறைக்கு முறை மாற வேண்டும். 38 பேர் என்றால் 9 பலகையில் நால்வர், 10ஆவது பலகையில் இருவர்.

இரண்டாவது, தொடக்கத்தில் சிறிய பலகை. 1 முதல் 6 வரை மட்டும் எடுத்தால் வெவ்வேறு பெருக்கல் பலன்கள் 18தான்: 1, 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12, 15, 16, 18, 20, 24, 25, 30, 36. 3×6 கட்டம், அடுத்தடுத்து 3 அமைந்தால் வெற்றி. இதில் நான்கைந்து ஆட்டம் ஆடிய பிறகு பெரிய பலகைக்குப் போகலாம்.

வாய்ப்பாட்டுத் தாள் பக்கத்தில் இருக்கட்டும், ஒளிக்க வேண்டாம். பார்த்துப் பார்த்துத் தேடும் பிள்ளை, எந்த விடையைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுகிறது. நாலு நாளில் தாளைப் பார்ப்பது தானாகக் குறையும், ஏனென்றால் தாளைப் பார்ப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பது ஆட்டத்தில் வேகம்.

இன்னொன்று: பெரிய பலகையில் இரண்டு வழியில் கிடைக்கும் எண்கள் ஒன்பதே ஒன்பது. 4, 6, 8, 9, 12, 16, 18, 24, 36. மீதி 27க்கும் ஒரே வழிதான். இதை நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். "எந்தக் கட்டத்தைப் பிடிப்பது சுலபம்?" என்று மட்டும் கேட்டு விடுங்கள். அந்தப் பட்டியலை வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கும்போது வரும் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது.

---

அரும்பு_மொட்டு எழுதியது:

1 முதல் 3ஆம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்காக இடையில் கொஞ்சம். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு, பிள்ளைகளின் கற்றல் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை கொடுப்பது பழகிவிட்டது. பலகை விளையாட்டுக்கும் அந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தும்.

அரும்பு நிலைக்கு 10 கட்டம் உள்ள ஒரே நேர்ப்பட்டை போதும். எல்லாக் கட்டமும் ஒரே அளவு, இடமிருந்து வலமாக 1 முதல் 10. அமெரிக்காவில் சீக்லர், ரமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பட்டையைப் பற்றியதுதான். பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள், ஏழைக் குடும்பத்தினர். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆடினார்கள். எண் எழுதிய பட்டையில் ஆடியவர்களுக்கு எண்களை ஒப்பிடுவதும் எண்கோட்டில் இடம் குறிப்பதும் முன்னேறின, 9 வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. எண் இல்லாமல் நிறம் மட்டும் உள்ள பட்டையில் ஆடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அடுத்த ஆய்வில் வட்டப் பலகையை வைத்துப் பார்த்தார்கள், நேர்ப்பட்டைக்கு அது ஈடாகவில்லை.

அங்கே 1, 2 என்று இரண்டு எண் மட்டும் உள்ள சுழல்வட்டு. நமக்குப் புளியங்கொட்டை ஒன்று போதும். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2.

எல்லாமே தங்கியிருப்பது வாய் என்ன சொல்கிறது என்பதில். காய் 8இல் நிற்கிறது, 2 விழுந்தது. பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தினால் பலகையில் எண் இருந்தும் பயனில்லை. "ஒன்பது, பத்து" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். 100 கட்டப் பலகையில் லாஸ்கியும் சீக்லரும் 2014இல் இதையே சோதித்து, கட்டத்தின் எண்ணைச் சொன்னவர்களே முன்னேறினார்கள் என்று காட்டினார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பதித்துவிட்டால் மற்றவை பின்னால் வரும்.

அடிக்கடி வரும் தவறு, நிற்கும் கட்டத்தையே "ஒன்று" என்று எண்ணுவது. கட்டத்தின் எண்ணைச் சொல்லும் பழக்கம் வந்தால் அதுவும் போய்விடும், "எட்டு" என்று சொல்லிக்கொண்டே எட்டிலேயே நிற்க முடியாதல்லவா.

---

ஐந்தாம்_வகுப்பு எழுதியது:

100 கட்டத்துக்குக் கடையில் விற்கும் பரமபதத்தையே பயன்படுத்தலாமா?

---

அரும்பு_மொட்டு எழுதியது:

வேண்டாம் டீச்சர். அதில் எண்கள் பாம்பு மாதிரி வளைந்து போகும். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். 7க்கு நேர்மேலே 17 இருக்காது, 14 இருக்கும். 3க்கு மேலே 18. ஒரு கட்டம் மேலே போனால் 10 கூடும் என்ற அமைப்பே மறைந்துவிடுகிறது. நாம் சொல்லித்தர நினைப்பது அந்த அமைப்பைத்தானே.

ஒவ்வொரு வரிசையும் இடமிருந்தே தொடங்குகிற பலகையை வரைந்துகொள்ளுங்கள், 1 கீழ் இடது மூலையில். 5 செ.மீ. கட்டம் என்றால் 50×50 செ.மீ., சாதாரண சார்ட் அட்டை (56×71) போதும். அப்போது ஒரே நிரலில் 7, 17, 27, 37 என்று அடுக்கி நிற்கும். "மேலே ஒரு படி" என்றால் 10, "பக்கத்தில் ஒரு படி" என்றால் 1. வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் தாவும்போது சில பிள்ளைகள் நேர்மேலே ஏறிவிடுவார்கள், 10இலிருந்து 20க்கு. அதைத் தடுக்க, ஒவ்வொரு வரிசையின் வலது ஓரத்திலும் அடுத்த வரிசையின் முதல் எண்ணைச் சிறிதாக எழுதி ஓர் அம்பு போட்டுவிடுங்கள்.

தமிழில் எண்ணும்போது தடுக்கும் இடம் 89க்கு அடுத்தது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு "எண்பத்துப் பத்து" என்பார்கள், அல்லது ஒன்பதையும் தொண்ணூறையும் குழப்புவார்கள். இருபது, முப்பது, நாற்பது என்று வந்த ஒழுங்கு தொண்ணூறில் மாறுகிறது. 90ஆவது கட்டத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, அங்கே வருபவர் எல்லோரும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்தால் பழகிவிடும்.

---

கரும்பலகை எழுதியது:

நம் பாரம்பரிய விளையாட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பல்லாங்குழி ஆடினாலே கணக்கு வரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அது உண்மையா?

---

புளியங்கொட்டை எழுதியது:

ஆடினாலே வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். கைவேகத்தில் முத்துப் போட்டுக்கொண்டே போகிறவருக்கு எண்ணிக்கைப் பழக்கம் வரும், அதற்கு மேல் வராது. போடும் முன் சொல்ல வைத்தால் பல்லாங்குழி மாதிரி ஒரு கணக்குப் பலகை கிடையாது.

விதி ஊருக்கு ஊர் மாறும். வகுப்புக்கு எளிய விதியாக ஒன்றை நிறுத்திக்கொள்ளுங்கள். 14 குழி, எல்லாக் குழியிலும் 5 முத்து, மொத்தம் 70. என் பக்கம் இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை குழிகளுக்கு எண் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் 8 முதல் 14 வரை, சுற்றிவரும் வரிசையில். 7க்கு எதிரே 8, 1க்கு எதிரே 14. எதிரெதிர்க் குழிகளைக் கூட்டினால் எப்போதும் 15.

ஒரு குழியை அள்ளி அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட வேண்டும். கைமுத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை வழித்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளது ஆடியவருக்கு. அத்தோடு அவர் முறை முடியும். ஒரு குழியில் 4 சேர்ந்தால் "பசு", அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார்.

இப்போது கேள்வி: முதல் நகர்வில் 1ஆம் குழியை எடுத்தால் என்ன கிடைக்கும்? தாளில் போட்டுப் பாருங்கள்.

1ஐ அள்ளினால் 5 முத்து, 6இல் முடியும். 7ஐ அள்ளினால் 5, 12இல் முடியும். 13ஐ அள்ளினால் 5, அதாவது 13+5 = 18, 14 குழி சுற்றிவந்தால் 4இல் முடியும். 5ஆம் குழியில் இதற்குள் 6 ஆகிவிட்டது, அள்ளினால் 11இல் முடியும். 12இலும் 6, மறுபடியும் 18, மறுபடியும் 4. அடுத்தது 5, இப்போது அது வெறுங்குழி. வழித்துவிட்டு 6ஆம் குழியை எடுத்தால் 7 முத்து. எடுப்பதற்கு முந்தைய நிலையைக் கூட்டிப் பார்த்தால் 2, 8, 8, 8, 0, 7, 1, 7, 7, 7, 7, 0, 1, 7. மொத்தம் 70, கணக்கு நேராகிறது.

18இலிருந்து 14ஐக் கழித்து 4 என்று சொல்வது வகுத்து மீதி காண்பதுதான். "குழி எண்ணோடு முத்தைக் கூட்டு, 14க்கு மேல் போனால் 14ஐக் கழி" என்ற விதியைப் பிள்ளைகளே நாலைந்து நகர்வில் பிடித்துவிடுவார்கள். 14 முத்து உள்ள குழியை அள்ளினால் எங்கே முடியும் என்று கேட்டால் கண்கள் விரியும், அள்ளிய அதே குழியில்.

வகுப்பில் இதை நடத்தும் முறை: ஆடுபவர் அள்ளும் முன் "முதல் கை எங்கே முடியும்" என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தாளில் ஒரு கோடு. தப்பினாலும் ஆட்டம் நிற்காது, முறை போகாது. பழகிய பிறகு "இரண்டாம் கை எங்கே முடியும்" வரை சொல்ல வைக்கலாம். பிள்ளை தான் சொன்னது சரியா என்பதை ஆசிரியரிடம் கேட்கத் தேவையே இல்லை, கடைசி முத்து விழும் குழி சொல்லிவிடும். கணக்கில் பயந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டாம் ஆட்டம் தொடங்கும்போது மீதியோடு வகுத்தல் வரும். ஒருவர் கையில் 28, இன்னொருவர் கையில் 42. குழிக்கு 5 வீதம் நிரப்ப வேண்டும். 28இல் 5 குழி நிரம்பி 3 மிஞ்சும், 2 குழி மூடப்படும். 42இல் 7 குழியும் நிரம்பி 7 மிஞ்சும். ஈவு, மீதி என்ற சொற்களை அந்த இடத்தில் சொல்லிக்கொடுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

பலகை இல்லையென்றால் 30 முட்டை அட்டை (5×6) ஒன்றை வெட்டினால் 2×6 இரண்டு கிடைக்கும், ஒரு வரிசை மிஞ்சும். 12 குழி, 60 முத்து. அப்போது 14க்குப் பதில் 12ஐக் கழிக்க வேண்டும், கடிகாரக் கணக்கு.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: குன்றிமணியைப் பயன்படுத்தாதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு உள்ள அந்த விதை கொடிய நஞ்சு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அழகாக இருக்கிறது என்று இன்னும் பல இடங்களில் பல்லாங்குழியோடு வைக்கிறார்கள். புளியங்கொட்டையோ சோழியோ போதும். 1, 2ஆம் வகுப்பில் புளியங்கொட்டையையும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், அங்கே பெரிய சோழிதான் நல்லது.

---

நிகழ்தகவு எழுதியது:

புளியங்கொட்டை மேடம் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கணக்குக்கு உதவும் என்று எந்த ஆட்டத்தையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 100 பள்ளிகளை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டுப் பாடவேளையாகச் சதுரங்கம் கற்ற பிள்ளைகளுக்கு, அடுத்த ஆண்டு நடந்த கணக்குத் தேர்வில் எந்த ஏற்றமும் தென்படவில்லை. சதுரங்கம் அருமையான ஆட்டம், அதை அதற்காகவே ஆடலாம். பின்னம் வர வேண்டுமென்றால் பின்னம் உள்ள ஆட்டம்தான் ஆட வேண்டும்.

9, 10ஆம் வகுப்பில் நிகழ்தகவு எடுப்பவர்களுக்குத் தாயத்தை விட்டால் வேறு நல்ல பலகை இல்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 0, 1, 2, 3. (சில கட்டைகளில் புள்ளி வேறு மாதிரி இருக்கும், வாங்கியதும் எண்ணிப் பாருங்கள்.) மொத்தம் 16 விளைவு. கூடுதல் 0 வர 1 வழி, அதை 12 என்று கொள்வோம். 1 வர 2 வழி, 2க்கு 3, 3க்கு 4, 4க்கு 3, 5க்கு 2, 6க்கு 1.

இப்போது ஆட்ட விதியைப் பாருங்கள். மறுபடி உருட்டும் உரிமை எதற்கெல்லாம்? 1, 5, 6, 12. இவை நாலும்தான் இருப்பதிலேயே அரிதானவை, ஒவ்வொன்றுக்கும் 2 வழிக்கு மேல் இல்லை. 2, 3, 4 விழுந்தால் உரிமை கிடையாது, அவைதான் அடிக்கடி விழும். நிகழ்தகவு என்ற சொல் பாடநூலில் ஏறும் முன்பே விதியில் அது உட்கார்ந்திருக்கிறது. 4×4 அட்டவணையைப் பிள்ளைகளே போட்டு, இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க விடுங்கள்.

வகுப்பில் தாயம் கெடுவது ஒரே இடத்தில்: தாயம், அதாவது 1, விழாமல் காய் இறங்காது. ஓர் உருட்டுக்கு வாய்ப்பு 1/8. எட்டு முறை உருட்டினால் கட்டாயம் விழும் என்று எல்லோரும் நினைப்பார்கள். எட்டிலும் விழாமல் போக (7/8)ன் 8ஆம் அடுக்கு, ஏறக்குறைய 0.34. மூன்றில் ஒருவர் எட்டு உருட்டுக்குப் பிறகும் வெளியே உட்கார்ந்திருப்பார், 40 நிமிடத்தில் அவருக்கு ஆட்டமே இல்லை. 1 அல்லது 5 விழுந்தால் இறங்கலாம் என்று மாற்றுங்கள். வாய்ப்பு 1/4 ஆகிறது, எட்டிலும் விழாமல் போவது 0.10க்கு இறங்கும். விதியை மாற்றும் முன் இந்த இரண்டு எண்ணையும் வகுப்பையே கணக்கிட வைத்தால் அதுவே ஒரு பாடவேளைக்கு வரும்.

பித்தளைக் கட்டை பெஞ்சில் விழுந்தால் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், ஒரு துண்டை விரித்துவிடுங்கள். மரத்தில் செய்துகொள்வதென்றால் குறுக்குவெட்டு கச்சிதமான சதுரமாக இருக்க வேண்டும். 1.5க்கு 1.2 செ.மீ. என்று இருந்தால் அகலமான பக்கமே படியும். 80 முறை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 முறை போல விழ வேண்டும், 12க்குக் கீழோ 28க்கு மேலோ போனால் அந்தக் கட்டையைச் சந்தேகிக்கலாம்.

---

கரும்பலகை எழுதியது:

6ஆம் வகுப்பில் முழுக்களுக்கு −20 முதல் +20 வரை எண்கோடு வரைந்து, சிவப்புப் பகடை குறை, நீலப் பகடை மிகை என்று ஆடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். எந்த முனையைத் தொட்டாலும் வெற்றி. ஆனால் ஆட்டம் முடிவதே இல்லை. ஏன்?

---

நிகழ்தகவு எழுதியது:

சராசரி நகர்வு பூச்சியம் என்பதால். முன்னே போன காய் அதே வேகத்தில் பின்னே வருகிறது. ஒரு முறைக்கான மாறுபாடு, அதாவது சராசரியிலிருந்து நகர்வு விலகும் தூரங்களின் வர்க்கங்களுடைய சராசரி, 5.83. இப்படி அலையும் காய் 20 கட்டத் தூரத்தில் உள்ள முனையைத் தொட, 20ன் வர்க்கத்தை 5.83ஆல் வகுத்தால் வருகிற அளவு, அதாவது சராசரியாக 70 முறை போல ஆக வேண்டும். நால்வர், முறைக்கு 20 விநாடி என்றால் ஒன்றரை மணி நேரம். முதலில் முடிப்பவர் இதைவிடச் சீக்கிரம் முடிப்பார், ஆனாலும் பாடவேளைக்குள் அடங்காது.

பலகையை −10 முதல் +10 வரை சுருக்குங்கள். தூரம் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால்வாசி ஆகும், 20 முறை போல. ஒரு பாடவேளைக்கு அளவாக வரும். இரண்டு பகடைக்கும் தனித்தனியாக நகர்த்த விடாமல், "+4, −6, ஆக −2" என்று சொல்லிவிட்டு ஒரே தடவையில் நகர்த்த வைப்பது முக்கியம். தனித்தனியாக நகர்த்தினால் கூட்டலே நடக்காது.

---

முக்கால்_அரைக்கால் எழுதியது:

பின்னம் கேட்டிருந்தீர்கள் டீச்சர். தமிழில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று 1/2, 1/4, 1/8, 1/16க்கு வாயில் புழங்கிய பெயர்கள் இருக்கின்றன. "அரைக்கால்" என்ற சொல்லே காலில் பாதி என்று கணக்கைச் சொல்லிவிடுகிறது. இந்தப் பெயர்களைப் பகடையில் எழுதுங்கள்: அரை, கால், அரைக்கால், அரைக்கால், மாகாணி, மாகாணி.

ஒவ்வொருவருக்கும் 32 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலமுள்ள 5 பட்டை. ஒன்று முழுசாக இருக்கட்டும். மற்றவற்றை 16, 8, 4, 2 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். 56×71 சார்ட் அட்டை ஒன்றில் இந்த அளவில் 36 பட்டை கிடைக்கும், ஓர் அட்டைக்கு 7 பேருக்கான தொகுப்பு. மடித்து மடித்து வெட்டாதீர்கள், நாலாவது மடிப்பில் அட்டையின் தடிமனால் துண்டுகள் சமமாக வராது, பிறகு "இரண்டு மாகாணி அரைக்காலுக்குச் சரியா வரலையே" என்று பிள்ளை சொன்னால் பிள்ளை சொல்வதுதான் சரி. அளவுகோல் வைத்து 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். நிறம் வேறானால் "பச்சையை எடு" என்று நிறத்தைச் சொல்லிக்கொண்டு அளவைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

பகடையில் விழுந்த துண்டை முழுப்பட்டை மேல் வைத்து நிரப்புவது முதல் ஆட்டம். ஓர் உருட்டுக்குச் சராசரி 3/16 என்பதால் ஐந்தாறு உருட்டில் நிரம்பும். கடைசியில் மாகாணி இடம் மட்டும் காலியாக நின்றால் ஆறில் இரண்டு முகம்தான் உதவும், அங்கே கொஞ்சம் இழுக்கும். இதை ஒரு நாள் ஆடினால் போதும், துண்டுகள் பழகவே இது.

உண்மையான பாடம் இரண்டாவது ஆட்டத்தில். இரண்டு அரைகளால் பட்டையை மூடிவிட்டுத் தொடங்குங்கள். பகடையில் விழுந்ததை எடுத்துவிட வேண்டும். அரைக்கால் விழுந்தது, கையில் அரை மட்டும்தான் உள்ளது, என்ன செய்வது? ஒரு முறையில் ஒரு துண்டை எடுக்கலாம், அல்லது ஒரு துண்டைச் சம அளவுக்குச் சில்லறை மாற்றலாம், இரண்டும் ஒரே முறையில் கூடாது. அரையைக் கொடுத்து ஒரு கால், இரண்டு அரைக்கால் வாங்குவாரா, அல்லது நாலு அரைக்கால் வாங்குவாரா என்பது அவர் யோசனை. எதிராளி துண்டுகளை மேலே அடுக்கிச் சரிபார்த்த பிறகே மாற்றம் செல்லும். சில பிள்ளைகள் முதலிலேயே எல்லாவற்றையும் மாகாணியாக மாற்றிவிடுவார்கள். அப்போது அரை விழுந்தால் எடுக்க அரை இருக்காது, எட்டு மாகாணியை அரையாகத் திரட்ட ஒரு முறை வீணாகும். விதியில் இந்த இழப்பைத் தளர்த்திவிடாதீர்கள், சிந்திக்க வைப்பது அதுதான்.

---

ஐந்தாம்_வகுப்பு எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். வெற்றி பெற்றவர்களுக்குப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது பரிசு வைக்கலாமா? பெருக்கல் பலகையில் ஒரே பிள்ளை எப்போதும் ஜெயித்தால் என்ன செய்வது?

---

அரும்பு_மொட்டு எழுதியது:

பரிசு வேண்டாம் என்பேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். ஆட்டத்திலேயே ஆசை வந்துவிட்ட பிள்ளைக்கு ஸ்டிக்கர் காட்டினால் ஆட்டம் ஸ்டிக்கருக்கான கூலி வேலையாகிவிடும். மதிப்பெண்ணையும் இதில் கலக்காதீர்கள்.

---

பலகைப்பட்டறை எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்கு: ஒரு ஆட்டம் ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தில் 4க்குப் பதில் அடுத்தடுத்து 5 பிடிக்க வேண்டும், எதிராளிக்கு 4 போதும். மறுபடியும் அவரே ஜெயித்தால் கூடவே 1ஐயும் 2ஐயும் காசு வரிசையில் தொடக் கூடாது என்று வையுங்கள், 3 முதல் 9 வரைதான் அவருக்கு. சுலபமான எண்கள் போனதும் 42, 56, 63, 72 என்று அவர் தப்பித்துக்கொண்டிருந்த இடங்களுக்குப் போயாக வேண்டும். எதிராளி வேண்டுமென்றே ஒரு காசை 1இலோ 2இலோ விட்டு வைப்பார், அப்போது ஜெயித்தவர் அந்தக் காசைத்தான் நகர்த்த வேண்டும், இன்னொரு காசு நிற்கும் எண்ணின் வாய்ப்பாட்டுக்குள்ளேயே அவர் நகர்வு அடங்கிவிடும்.

நேரப் பங்கீடு: விதி சொல்ல 5 நிமிடம், கரும்பலகையில் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பொது ஆட்டம் 10, பலகைகளில் 15, கடைசி 8 நிமிடம் ஒரே ஒரு நிலையைக் கரும்பலகையில் போட்டு "இப்போது நீங்கள் என்றால் எந்தக் காசை நகர்த்துவீர்கள், ஏன்?" பொத்தான் வாங்க வேண்டாம், 10 பலகைக்கு 360 தேவைப்படும். அச்சுத் தாளில் பென்சிலால் ஒருவர் வட்டமும் ஒருவர் பெருக்கல் குறியும் போட்டால் போதும். ஆடி முடித்த தாள்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு வாரத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் எந்தக் கட்டங்கள் காலியாகவே கிடக்கின்றன என்று தெரியும். 54ம் 56ம் 63ம் எல்லாத் தாளிலும் காலி என்றால் அடுத்த வாரம் எந்த வாய்ப்பாட்டை எடுக்க வேண்டும் என்பதற்கு வேறு தேர்வு வைக்கத் தேவையில்லை.